மில்லிமீட்டரின் இரண்டு படகுகள்

மனைவி சுட்ட தோசையை வெர்னியர் வைத்து அளந்து, "ஓரத்துல மெலிசு, நடுவுல தடிப்பு. ரிஜெக்ட்!" என்று அடுப்படிக்கே திருப்பி அனுப்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் மராட்டிய மாநிலத்துத் தாபோடியில் எனக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். ஆயுதத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்டர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். தெருவுக்கு அவர் மில்லிமீட்டர்.

ரிட்டயர் ஆனதும் மனிதர் வாசலைத் தாண்டவில்லை. வீட்டில் அளக்க என்ன மிச்சம்? துவரம்பருப்பு வரைக்கும் போய்விட்டார். ஒருநாள் அவர் மனைவி சரோஜா அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, இப்டியே செவுத்தப் பாத்துக்கினு இருந்தா இந்த மனுசன் படுத்துடுவாருப்பா. மீன் புடிக்கணும்னு ரொம்ப நாளா அவருக்கு ஆச. எப்டியாவது ஒரு போட் வாங்க வெச்சுடு." சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

ஹடப்சரில் ஒரு பட்டறைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இரண்டு சின்ன அலுமினியப் படகுகள் தயாராக இருந்தன. ஒரே தகடு, ஒரே அச்சு, பன்னிரண்டு அடி, உட்கார இரண்டு பலகை. இரட்டைப் பிள்ளைகளுக்காவது எங்கேயாவது ஒரு மச்சம் இருக்கும். "காகா, தோன்ஹி சேம்!" என்று பட்டறைக்காரர் சத்தியம் செய்தார். இரண்டும் ஒன்று என்று போயும் போயும் மில்லிமீட்டரிடமா சொல்வது? டேப்பை உருவிவிட்டார்.

மே மாதத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் வெயிலில் வெந்தேன். தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். மூன்றாவது ஞாயிறு தீர்ப்பு வந்தது: வெளியே கிடந்த படகு, கொட்டகைக்குள் இருந்ததைவிட ஒரு மில்லிமீட்டர் நீளம். "நீளமா இருந்தாதான் தண்ணில நிக்கும்" என்று அதன் மூக்கில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டார். தொழிற்சாலையில் பாஸான சாமானுக்குப் போடுகிற அதே டிக்.

ஜூனில் அக்காவையும் அழைத்துக்கொண்டு டெம்போவோடு போனோம். மழை கொட்டித் தீர்த்திருந்தது. பட்டறைக்காரர் இரண்டு படகுகளையும் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டிருந்தார். டிக்கைக் காணோம்.

மறுபடியும் டேப். இரண்டும் ஒரே நீளம். இன்னொரு தரம் அளந்தார். அப்போதும் அப்படியே. மில்லிமீட்டரின் முகம் செத்துப்போனது.

"அன்னிக்கு ஒண்ணு வெயில்ல கெடந்துது, ஒண்ணு நெழல்ல. சூட்டுல நீண்டிருக்குது. டெம்பரேச்சர் பாக்காம அளந்துட்டேன்யா! என் கீழ இருந்த அப்ரண்டிஸ்கூட இப்டி ஒரு தப்பு பண்ணதில்ல. வேணாம்பா, ஊட்டுக்குப் போலாம்."

போனால் மறுபடியும் அந்தச் சுவர்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்திலிருந்த படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டும் ஒண்ணுன்னு நீங்களே சொல்ட்டீங்க. அப்போ ரெண்டுமே பாஸ்தானே? நான் எறங்க மாட்டேன். வேணும்னா என்னியும் சேத்து டெம்போவுல ஏத்துங்க."

"ரெண்டுமே பாஸா?" மில்லிமீட்டர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததேயில்லை போலிருக்கிறது. பிறகு சிரித்தார். அவருக்குப் பற்கள் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அக்கா உட்கார்ந்த படகுக்கு ஒரு டிக் போட்டார். மனசு கேட்காமல் மற்றதற்கும் ஒன்று போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

இப்போது ஞாயிறானால் இருவரும் பவனா ஏரியில்தான். மனிதர் நன்றாகக் கருத்து, வயிறு வற்றி, பத்து வயது குறைந்துவிட்டார். தோசையும் தப்பித்தது. பிடித்த மீனை அளந்து, சின்னதை "ரிஜெக்ட்" என்று தண்ணீரிலேயே விட்டுவிடுகிறாராம். தேறியதில் ஒன்றைப் பையில் போட்டு என் கேட்டில் மாட்டி, பக்கத்தில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டுவிட்டுப் போவார். அடுத்த மழையில் அது அழிந்துவிடும். அழிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, ஞாயிறு சாயங்காலமானால் நான் வாசலிலேயே நிற்கிறேன்.