லாரி வராமல் சீட்டு கிடையாது

தூத்துக்குடியில் கடவுளை நம்பாதவர்கள் உண்டு. வானிலை அறிக்கையை யாருமே நம்புவதில்லை. ஆனால் எதிரே நிற்கிற மனிதன் எதிரேதான் நிற்கிறான் என்பதைக்கூட நம்பாத ஒரே ஆத்மா எங்கள் எடைமேடைதான்.

துறைமுகம் போகிற சாலையில், லாரிகளை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை போடுகிற மேடை ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிய சின்ன அறையில், ஜன்னல் ஓரமாகக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கண்டிப்பாக இருக்கும். ஆனால் அவர் சம்சாரமே போனில், "எடைமேடை வீட்ல இருந்து பேசுதேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

வேலை எளிமையானது. லாரி காலியாக வந்து ஏறும், ஒரு எடை. உப்பளத்துக்குப் போய் உப்பை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து ஏறும், இன்னொரு எடை. கழித்தால் உப்பு. அந்த எண்ணை அச்சடித்துச் சீட்டாகக் கொடுப்பார். அவருக்கு உலகத்தில் ஒரே பாவம்தான் தெரியும். வண்டி மேடையில் ஏறி நிற்பதற்கு முன்னால் எண்ணைச் சொல்வது.

இதை அவர் வேலையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஊருக்கு நல்லது. "மழை ஊத்துது அண்ணாச்சி" என்றால், "எவ்வளவு?" என்பார். சாம்பாரில் உப்பு சரியா என்று வீட்டில் கேட்டால், "நம்ம மேடைக்குப் பத்து கிலோவுக்குக் கீழ கண்ணு தெரியாதுளா" என்பார். தங்கை மகள் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சமையல்காரர் நாலு நாள் அலைந்து கேட்டிருக்கிறார். "வந்து இலையில உக்காரட்டும்வே, சொல்லுதேன்." வந்து உட்கார்ந்தார்கள். இவர் எண்ணிச் சொன்னார். எண்ணிக்கை மிகச் சரி. சோறு பாதிப் பேருக்குத்தான் இருந்தது.

ஒரு தடவை ஒரு லாரியின் உப்பு கணக்குக்கு மேல் அறுபது கிலோ கூடியது. டிரைவர் சத்தியம் செய்தார். எடைமேடை தானே லாரியின் பின்னால் ஏறித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். உப்பு மேல் கிளீனர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். "உப்பு எப்பவே கொறட்டை விட ஆரம்பிச்சிது?" என்று கேட்டுவிட்டு, ஆளை இறக்கி, மறுபடி எடை போட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் நான் ஏன் என் ஆராய்ச்சியைக் காட்டினேன் என்று கேட்டால், அந்தச் சமயத்தில் என் மூளை வேலை செய்யவில்லை என்பதுதான் பதில்.

நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். நாற்பத்திரண்டு வயதில் ஏதோ வேகத்தில் தபால் வழியில் பி.பி.ஏ. சேர்ந்தேன். ஐந்து வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை வகுப்பில் தூங்கிக் கழித்து எல்லாத் தாளும் எழுதிவிட்டேன். பாக்கி ஒரு சின்ன ஆராய்ச்சி. அதற்கும் முன்னால், என்ன ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று மூன்று பக்கத்தில் ஒரு புரபோசல் எழுதி, வழிகாட்டி மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த மாதக் கடைசி ஞாயிறுக்குள் கையெழுத்து விழாவிட்டால் என் பதிவே காலாவதி. ஐந்து வருஷமும் உப்புத் தண்ணீரில் போட்ட சர்க்கரை. போதாததற்கு, என் மைத்துனன் தன் புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.பி.ஏ. என்று ஏற்கெனவே அச்சடித்துவிட்டான். உறவுக்காரர்கள் பாராட்டிவிட்டார்கள். ஒருவர் சால்வையே போட்டுவிட்டார். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மூன்று பக்கம் என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். அதற்கென்று வகுப்பில் கொடுத்த மாதிரித் தாளைப் பார்த்ததும் காது அடைத்தது. ஆய்வுச் சிக்கல் என்று ஒரு தலைப்பு. எனக்கு இருந்த ஒரே சிக்கல் அந்த ஆய்வுதான். நோக்கம் என்று ஒன்று. அதற்குக் கீழே குறிக்கோள் என்று இன்னொன்று. இரண்டும் அண்ணன் தம்பியா, ஒரே ஆளா என்று தெரியவில்லை. அதன் கீழே கருதுகோள். நவக்கிரகத்தில் இல்லாத கோளாக இருந்தது.

முதல் தடவை, 'தூத்துக்குடித் துறைமுகம்: அன்றும் இன்றும் என்றும்' என்று எழுதிக் கொண்டுபோனேன். கொற்கையில் ஆரம்பித்து உலக வர்த்தகத்தில் முடித்திருந்தேன். மேடத்துக்கு முப்பது வயது இருக்கும். தன்னைவிட மூத்த மாணவனை எப்படித் திட்டுவது என்று யோசித்து, மரியாதையாகவே திட்டினார்.

"சார், இதுல கேள்வி எங்க சார் இருக்கு?"

"கேள்வியா மேடம்? நான் பதில்லாம் எழுதியிருக்கேனே."

"அதான் சார் பிரச்சினை."

இரண்டாம் தடவை செல்போனிடம் கேட்டேன். அது கண்ணிமைக்கிற நேரத்தில் மூன்று பக்கம் எழுதித் தந்தது. 'கடல்சார் சரக்குப் போக்குவரத்தில் பங்குதாரர் மனநிறைவு: ஒரு பன்முக அணுகுமுறை.' படிக்கும்போது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. மேடம் முதல் வரியிலேயே நிறுத்தினார்.

"பன்முகம்னா எத்தனை முகம் சார்?"

பதற்றத்தில் எனக்குத் திருச்செந்தூர்தான் ஞாபகம் வந்தது. "ஆறு மேடம்" என்றேன்.

அவர் தாளை மூடிக் கொடுத்துவிட்டார். இன்னும் இரண்டே ஞாயிறு.

அடுத்த நாள் உப்பு லாரிகளின் சீட்டு வாங்க எடைமேடைக்குப் போனேன். அது என் தினசரி வேலை. கையில் அந்தத் தாள் இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்னவே அது, கடுதாசி?"

"புரபோசல் அண்ணாச்சி. ஆராய்ச்சி பண்ணப்போறேன்னு முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும்."

"பண்ணிட்டுக் குடுத்தா ஆவாதா?"

"ஆவாதாம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசித் தலைப்பில் அவர் விரல் நின்றது. 'எதிர்பார்க்கும் முடிவுகள்.'

"இது என்னது?"

"ஆராய்ச்சியில என்ன வரும்னு எழுதணும்."

"ஆராய்ச்சி எப்ப?"

"இனிமேதான்."

எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வண்டி வராம சீட்டு கேக்காளோ ஒங்க டீச்சரம்மா?" என்றார்.

"அப்படி இல்ல அண்ணாச்சி—"

"எப்படி இல்ல? வண்டி இன்னும் உப்பளத்துக்கே போவல. நீரு இங்கன நம்பர் அடிச்சுக் குடுக்கீரு. இதுக்குப் பேரு என்னன்னு தெரியுமா? முப்பது வருசமா எத்தன பேரு வந்து கெஞ்சிருக்கான், நான் ஒருத்தனுக்கு அடிச்சுக் குடுத்திருப்பனா? படிச்சவோ இப்பிடிச் செய்யலாமா?"

நான் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே குழம்பியது. கடைசியில் அவர் சொல்வதுதான் நியாயம் என்று எனக்கும் பட ஆரம்பித்துவிட்டது. ஐந்து வருஷமாக ஒரு மோசடிக் கும்பலில் மாட்டிக்கொண்டிருக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது.

"நீரு பயப்படாதேயும். ஞாயித்துக்கெழம நான் வந்து பேசுதேன்" என்றார்.

வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னேன். வாரம் முழுக்கத் தினம் இரண்டு வேளை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு வாசலில் வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக நின்றுகொண்டிருந்தார். சாட்சிக்கு ஒரு கட்டு பழைய எடைச்சீட்டுகளை வேறு கொண்டுவந்திருந்தார். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். என் பைக் சாவி அவர் கையில் இருந்தது, நான் வந்து இறங்கியதுமே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒங்கள ஒண்ணு கேக்கணும்" என்று மேடத்திடம் ஆரம்பித்தார். "இந்த ஆளு அப்பாவி. இவர பொய்ச்சீட்டு எழுதச் சொல்லுதீயளே, நாளைக்கு மாட்டுனா யாரு பதில் சொல்லுதது?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

"யாரு சார் இவங்க?"

"எடைமேடை" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது.

அவர் கொட்டித் தீர்த்தார். காலி வண்டி, லோடு வண்டி, தூங்கிய கிளீனர் எல்லாம் வந்தது. இன்றோடு நம் படிப்பு முடிந்தது, சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நான் முடிவு செய்துகொண்டிருந்தபோது மேடம், "உக்காருங்க அண்ணாச்சி" என்றார். அதுவரை அவர் எங்களிடம் பேசியது பாடப்புத்தகத் தமிழ். அன்றைக்குத்தான் அவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரர் என்று எனக்குத் தெரிந்தது.

"எங்க அப்பா கொள்முதலுக்கு நெல்லு கொண்டுபோட்டா ஈரம் இருக்குன்னு கழிப்பாவோ அண்ணாச்சி. வீட்ல ஒரு எடை, அங்கன ஒரு எடை. ஒங்க உப்புக்கு அப்படி உண்டா?"

எடைமேடை முகம் மாறியது. சீட்டுக் கட்டைப் பிரித்தார்.

"உண்டும்மா. அதச் சொல்லாதீங்க. உப்பளத்து மேடையில ஒரு எடை போட்டு அனுப்புதான். நம்ம மேடைக்கு வந்தா கொறையுது. ஒருநா நாப்பது கிலோ, ஒருநா எழுவது. உப்பளத்துக்காரன் டிரைவர் மேல சந்தேகப்படுதான். டிரைவர் என் மேடை மேல பழி போடுதான். கேட்டா, உப்பு வழியெல்லாம் அழுதுக்கிட்டே வருதுங்கான். ரோட்டுல தண்ணி சொட்டுறது நெசந்தான்."

"நீங்க என்ன நெனைக்கீங்க?"

"தெரியல."

அந்தச் சொல்லை அவர் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முப்பது வருசமா எடை போடுதவருக்கே தெரியலன்னா, அதான் சார் கேள்வி" என்றார் என்னிடம். "எழுதுங்க. உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவுல உப்பு ஏன் எடை குறையுது? இவ்வளவுதான் ஒங்க ஆராய்ச்சி. கொற்கை வேண்டாம். ஆறு முகமும் வேண்டாம்."

"எப்படிம்மா கண்டுபிடிக்கது?" என்று எடைமேடைதான் கேட்டார். நான் கேட்க வேண்டிய கேள்வி.

"நீங்க சொல்லுங்க."

அவர் கூரையைப் பார்த்தார். "மொதல்ல காலி வண்டிய ரெண்டு மேடையிலயும் ஏத்தணும். அதுலயே வித்தியாசம் வந்தா, உப்பக் குத்தம் சொல்லப்படாது. மேடைதான் கள்ளன். பெறகு டீசல். வழியில எரியுததும் எடைதானம்மா. ரெண்டு எடத்துலயும் டேங்க அளந்துக்கிடணும். இதெல்லாம் கழிச்ச பெறகும் கொறைஞ்சா, அப்பம் ஈரம்."

மேடம் எழுதிக்கொண்டே போனார். நானும் எழுதினேன். ஆய்வு முறை என்ற தலைப்புக்கு அடியில் முதல் தடவையாக எனக்குப் புரிகிற வாக்கியங்கள் வந்தன.

கடைசித் தலைப்பில்தான் மறுபடி ரகளை. எதிர்பார்க்கும் முடிவு என்பது எண் இல்லை, எதைச் சந்தேகப்படுகிறோம் என்பதுதான், பிறகு அது தப்பென்று தெரிந்தால் தப்பென்றே எழுதலாம் என்று மேடம் பத்து விதமாகச் சொன்னார். எடைமேடை பதினோராவது விதமாகவும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் இருவருமாக ஒரு வாக்கியத்துக்கு உடன்பட்டார்கள்: 'ஈரமே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம், எடை போட்டுப் பார்க்காமல் சொல்வதற்கில்லை.' இரண்டாவது பாதி யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரம் உட்கார்ந்து சுத்தமாக எழுதினேன். நோக்கத்துக்கும் குறிக்கோளுக்கும் வித்தியாசம் இன்றுவரை எனக்குத் தெரியாது. குத்துமதிப்பாகப் பிரித்துப் போட்டேன். கடைசி ஞாயிறு மேடம் மூன்று பக்கத்தையும் புரட்டி, நாலு இடத்தில் திருத்தி, கையெழுத்துப் போட்டார். எனக்குக் கால் தரையில் இல்லை.

திங்கட்கிழமை காலை அதைக் கொண்டுபோய் எடைமேடை முன்னால் வைத்தேன். கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தருவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலைப்பில் விரலை வைத்து, வரிவரியாக வாசிக்க ஆரம்பித்தார். மேடையில் லோடு லாரி ஒன்று ஏறி நின்றது. அதன் பின்னால் ஒன்று. அதன் பின்னால் இன்னொன்று. ஹார்ன் அடித்தார்கள். ஒரு டிரைவர் இறங்கிவந்து ஜன்னலில் தலையை விட்டார்.

"அண்ணாச்சி, சீட்டு?"

"செத்த நில்லும்வே. படிச்சிட்டிருக்கம்லா."

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். என் எழுத்தை யாரும் அவ்வளவு மெதுவாகப் படித்ததில்லை. அவர் முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.