படி வேண்டாத அதிகாரி

ஆட்டுத்தொடை வறுவலின் வாசனை மூக்கைத் துளைத்தது. நெவில் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "எனக்கு வேண்டாங்க, நான் டயட்ல இருக்கேன்" என்றான்.

டயட்டாவது, மண்ணாவது. அந்த நகரத் தீயணைப்பு நிலையத்தில் மத்தியானச் சாப்பாட்டுச் செலவை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். நெவில் சௌத்லாந்து மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் துணை அதிகாரி. மூன்று வாரப் பயிற்சிக்கு வந்திருந்தான். ஊரில் மாடு கறக்க வைத்த ஆளுக்கும் இங்கே தங்கும் அறைக்குமே கைக்காசு கரைந்துவிட்டது.

பயிற்சிக்குப் போகிறவர்களுக்குப் படி கொடுக்கலாமா என்று படையின் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, "காசு வாங்கினா அதுக்குப் பேரு தொண்டா?" என்று மேஜையைத் தட்டியவன் சாட்சாத் இவனேதான். மறுவாரமே நான்கு அதிகாரிகளில் இவனைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நால்வரில் தான்தான் கெட்டிக்காரன் என்று மாடுகளிடம்கூடச் சொல்லிவிட்டு வந்திருந்தான். இப்போது எந்த முகத்தோடு படி கேட்பது?

நிலைய அதிகாரி தாமா, நெவிலின் மனவுறுதியைக் கண்டு உருகிப்போனார். மறுநாள் முதல் நிலையத்துக்கே டயட். வறுவல் போய் வெறும் சூப் வந்தது. ஆளாளுக்கு நெவிலை முறைத்தார்கள்.

அவர்களிடமிருந்து தப்பிக்க, டாக்டர் தனக்கு மட்டும் சொன்ன பத்தியம் இது என்று ஒரு கதை விட்டான். வறுவல் திரும்பி வந்தது. ஆனால் தாமா பதறிப்போய், நோயாளியை ஏணியில் ஏற்றக்கூடாது என்று பயிற்சியை நிறுத்திவிட்டார். பயிற்சி முடிக்காமல் ஊர் திரும்பினால் மானமே போய்விடும். கடைசியில் நிலையத்து டாக்டர் சோதித்துப் பார்த்து, இந்த ஆளுக்கு இருக்கும் ஒரே நோய் பசி என்று போட்டு உடைத்தார்.

தாமா சிரிக்கவில்லை. தட்டு நிறைய வறுவலை வைத்து, "முதல்ல சாப்பிடு. அப்புறம் உங்க ஊருக்குப் போன் போட்டுப் படி கேளு. கேட்டாத்தான் ஏணி" என்றார்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, நெவில் படையின் செயலாளர் மோயிராவை அழைத்தான். கூட்டத்தில் தான் பேசியது தப்பு, படி கட்டாயம் வேண்டும், இருப்பதிலேயே கெட்டிக்காரனைப் பொறுக்கி அனுப்பினால் போதாது, அவன் வயிற்றையும் பார்க்க வேண்டும் என்று கொட்டித் தீர்த்தான்.

மறுமுனையிலிருந்து மோயிராவின் பதில் வந்தது.

"மத்த மூணு பேரும் படி கொடுத்தாத்தான் போவோம்னுட்டாங்க நெவில், அதனாலதான் உன்னை அனுப்பினோம்."