ஒரு லட்சம் தடவை நலம்

குடிநீர் வாரியத்தில் ஒரு பெட்டி இருந்தது. ஒழுங்காக வேலை செய்தது. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

பெட்டி செய்வது சின்ன வேலை. ஆறு தெருவுக்கும் முறைவைத்து வால்வைத் திறந்துவிடும். எந்தத் தெருவின் முறை நடக்கிறது என்று உள்ளே இருக்கும் நினைவுச் சில்லில் குறித்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் சில்லைப் படித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். அவ்வளவுதான். அந்தப் பெட்டியைச் செய்து, அதற்கு உள்ளே ஓடும் நிரலையும் எழுதியவருக்கு வாரியத்தில் பெட்டிக்காரர் என்று பெயர்.

அவருக்குக் குடியிருப்பு கடைசித் தெரு. ஆள் வைத்து வால்வைத் திருப்பிய காலத்தில் கடைசித் தெருக் குழாயில் காற்றுதான் வரும். இருபது வருஷம் அவர் மனைவி மூன்று தெரு தாண்டிப் போய் வாளியில் சுமந்தாள். பெட்டி வந்தபிறகு தினமும் மதியம் ஒன்றரை முதல் இரண்டரை வரை வீட்டிலேயே தண்ணீர். அதில்தான் அவருக்கு வீட்டில் கொஞ்சம் மரியாதை.

புது இயக்குநர் வந்தார். எங்கோ மாநாட்டுக்குப் போய்த் திரும்பியவர். அங்கே அலுவலகத்துக்கு அலுவலகம் சுவரளவு திரை, திரை முழுக்கப் பச்சை. பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டிக்காரரைக் கூப்பிட்டார்.

"இந்தப் பெட்டி வேலை செய்யுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"குழாயில தண்ணி வரும் சார்."

"தண்ணியை ஃபைல்ல வைக்க முடியுமா?"

இயக்குநர் காலிச் சுவரைக் காட்டினார்.

"நொடிக்கு ஒரு தடவை, 'இந்தத் தெரு, இந்த மணி, நலம்'னு பெட்டி எழுதணும். அது இங்க பச்சையில வரணும்."

"நொடிக்கு ஒண்ணா? சார், இப்போ ஒரு நாளைக்கு ஆறு தடவைதான் எழுதுது. சில்லு நோட்டு மாதிரி பக்கம் பக்கமா இருக்கும், எழுதின இடத்து மேலயே எழுத முடியாது. அந்தப் பக்கத்தையே மொத்தமா அழிச்சுட்டுத்தான் மறுபடி எழுதணும்."

அதுவரை மூலையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த தலைமை எழுத்தர் துள்ளி எழுந்தார். "அழிக்கிறதா? வாரிய ஆவணத்தையா? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேட்கல ஐயா. அதோட பிறவிக் குணம்."

"பிறவிக் குணத்துக்கு விதியில இடமில்ல தம்பி. ஒவ்வொரு அழிப்புக்கும் முன் அனுமதி வேணும்."

"நொடிக்கு ஒரு அனுமதியா?"

எழுத்தர் யோசித்தார். நாற்பது வருஷ அனுபவம் கைகொடுத்தது. "மொத்தமா வாங்கிடலாம். அந்தச் சில்லு எத்தனை அழிப்புத் தாங்கும்?"

"ஒரு பக்கம் ஒரு லட்சம் தடவை. அப்புறம் தேஞ்சுபோய், கடைசியா எழுதினது அப்படியே நின்னுடும்."

"ஒரு லட்சம் அழிப்புக்கு ஒப்புதல்" என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். இயக்குநர் முகம் மலர்ந்தது. லட்சம் என்றால் லட்சம். யார் எண்ணப் போகிறார்கள்?

பெட்டிக்காரர் எண்ணினார். "சார், நாளைக்குக் காலையில பத்து மணிக்குத் தொடங்கினா, மறுநாள் மதியம் ஒண்ணே முக்காலுக்குச் சில்லு காலி. வேணும்னா இன்னும் நானூறு பக்கம் சும்மா கிடக்கு. மாத்தி மாத்தி எழுதினா ஒரு வருஷத்துக்கு மேல தாங்கும்."

"வேண்டாம். எல்லாம் முதல் பக்கத்துலதான் இருக்கணும். ஆய்வுக்கு வர்ற எவனாவது ரெண்டாம் பக்கம் புரட்டி நீ பார்த்திருக்கியா?"

பெட்டிக்காரர் விடவில்லை. மேசையில் கிடந்த தாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ரப்பரால் அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்து, தாளில் ஓட்டை விழும்வரை தேய்த்துக் காட்டினார். "இதான் சார் நடக்கும்."

இயக்குநர் ஓட்டை வழியாக எழுத்தரைப் பார்த்தார். "தாள் தரமில்ல. யாரு வாங்கினது?"

மாலைக்குள் ஆணை வந்துவிட்டது. 'பெட்டியானது தன்னிச்சையாக இயங்கலாகாது. முதற்பக்கத்தில் பதிவாகியுள்ள தெருவையும் மணியையும் மட்டுமே மெய்யெனக் கொண்டு செயல்படக் கடவது.' அதாவது, பெட்டி இனிக் கடிகாரத்தைப் பார்த்து வால்வைத் திறக்கக் கூடாது. தான் எழுதியதைத் தானே படித்துத் திறக்க வேண்டும். பெட்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அதையும் எழுதிக் கொடுத்தார். கூலிக்காரன் வேறென்ன செய்வான்?

மறுநாள் காலை பத்து மணி. திறப்பு விழா. நாடா வெட்டினார்கள். திரை பச்சையாக எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்கு மறுநாள் மதியம் ஒன்று நாற்பத்தாறு. சில்லு தன் லட்சத்தை முடித்துக்கொண்டது. திரையில், 'கடைசித் தெரு. மணி 1.46. நலம்.' பச்சை. அப்படியே நின்றுவிட்டது.

பெட்டி சில்லைப் படித்தது. கடைசித் தெரு முறை. மணி ஒன்று நாற்பத்தாறு. இரண்டரை ஆனால்தானே முறை மாறும்? சில்லில் இரண்டரை ஆகவே இல்லை. சாயங்காலம் படித்தது. ஒன்று நாற்பத்தாறு. அடுத்த வாரமும் படித்தது. அதேதான். கடைசித் தெருக் குழாயில் இரவும் பகலும் தண்ணீர் கொட்டியது. மற்ற ஐந்து தெருக்களில் காற்று.

ஐந்து தெரு ஆட்களும் வாளியோடு வாரியத்துக்கு வந்தார்கள். இயக்குநர் திரையைக் காட்டினார்.

"நலம்னுதானே போட்டிருக்கு?"

"தொண்டை காயுதுய்யா!"

"அது உங்க தொண்டை. பெட்டி நலம்."

எழுத்தர் இன்னும் ஒரு படி மேலே போனார். "அனுமதிச்சது ஒரு லட்சம். லட்சத்து ஒண்ணாவது தடவை அழிக்கவே இல்ல. இந்த ஆபீஸ்ல இப்படி ஒரு ஒழுங்கை நான் பார்த்ததே இல்ல."

ஒன்பதாம் நாள் விசாரணை. மேலிடத்திலிருந்து அதிகாரி வருகிறார். பெட்டிக்காரர் புதுச் சில்லு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பத்து நிமிஷ வேலை. உண்மையைச் சொல்லிவிட்டுச் சில்லை மாற்றிவிடலாம்.

வாசலில் மனைவி மறித்தாள். பின்னால் குழாய் திறந்தபடி கிடந்தது. மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"பையில என்ன?"

"புதுச் சில்லு. பாவம், அஞ்சு தெருவும் காயுதுடி."

"இருபது வருஷம் நாம காஞ்சோமே, அப்போ எந்தத் தெருக்காரன் பாவம்னான்?"

"அதுக்காக..."

"ஏங்க, பெட்டி என்ன சொல்லுது?"

"நலம்னு."

"அப்புறம் நீங்க ஏன் தொடுறீங்க?" என்று பையில் கைவிட்டுச் சில்லை எடுத்துக்கொண்டாள்.

விசாரணை அதிகாரி திரையைப் பார்த்தார். பச்சை. முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கம் புரட்டவில்லை. கடைசித் தெருக்காரர்கள் முந்நூறு பேர் கையெழுத்துப் போட்ட பாராட்டுக் கடிதத்தைப் படித்தார். பெட்டி வரும்வரை பழைய இயக்குநரின் உருவப் பொம்மையை எரித்த அதே முந்நூறு பேர். பிறகு படிவத்தைப் பெட்டிக்காரர் பக்கம் தள்ளினார்.

"நிபுணர் நீங்க. பெட்டியோட நிலை என்ன? ஒரே வார்த்தையில எழுதுங்க."

ஜன்னலுக்கு வெளியே ஐந்து தெரு ஆட்கள் நின்றார்கள். வாளிகள் வெயிலில் பளபளத்தன. முன் வரிசையில் ஒருத்தி, அவர் மனைவி வயசு இருக்கும், அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்காரர் காலிப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பேனாவை எடுத்தார். திரையின் கடைசி வார்த்தையையே எழுதினார்.

எழுத்தர் வாங்கிச் சரிபார்த்தார். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.