நேர்கோட்டண்ணனும் மாமாங்கத்துப் படமும்

பிள்ளைகளே, மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் எங்கள் நேர்கோட்டண்ணனைப்போல் ஒரு பிடிவாதக்காரர் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறந்தாலும், அந்தப் பிள்ளை தொட்டில் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அழத் தொடங்கும்.

அவர் தனியார் பஸ் ஒன்றில் கொண்டக்டர். ஓய்வு நாட்களில் கமராவோடு தெருத் தெருவாகப் போய்ப் படம் எடுப்பார். சட்டைப் பையில், பள்ளிக்கூடத்தில் கோடு போடும் அடிமட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். யாராவது போனை நீட்டி, "எங்கட கலியாணப் படம் அண்ணே" என்றால், மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்க்கவே மாட்டார். அடிமட்டத்தைத் திரையில் வைத்து, "மண்டபத்துத் தூண் வயிறு தள்ளி நிக்குது" என்பார். அந்த வீட்டில் பிறகு அவருக்குப் பலகாரம் கிடைக்காது.

நான் ஓட்டோ ஓட்டுபவன். படிப்பு ஓ.எல். சோதனையோடு நின்றுவிட்டது, கமரா ஆசை நிற்கவில்லை. பழைய கமரா ஒன்று வாங்கினேன். அதன் அகன்ற லென்ஸ் ஒரு முழுத் தெருவையும் விழுங்கிவிடும். முதல் வேலையாக நாவற்குடாவில் நின்று வாவியை எடுத்து, பெருமையோடு அவரிடம் காட்டினேன்.

"இது என்னடா மனே? வாவியா, கவிட்டு வச்ச சட்டியா?"

உண்மைதான். அக்கரை நடுவில் உப்பி, இரு பக்கமும் சரிந்து கிடந்தது. பளபளப்பான குடத்தில் நீங்கள் முகம் பார்த்திருப்பீர்களே, மூக்கு மட்டும் பெரிதாக வருமே, அகன்ற லென்சும் அப்படி ஒரு குடம்தான். நேரான கோட்டை வெளிப்பக்கமாக வளைத்துவிடும்.

"வளைஞ்சதக் கம்பியூட்டரில நிமித்தலாம். ஆனா ஆளை நட்டநடுவில நிப்பாட்டாத. அடையாள அட்டைக்கா படம் எடுக்கிறாய்? கொஞ்சம் ஓரமா வை" என்றார்.

எனக்கு எதையும் அளவோடு செய்து பழக்கமில்லை. மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு அமிர்தகழி போனபோது, காப்புக் கடையில் விலை பேசிக்கொண்டே என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவளைப் படத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். எவ்வளவு ஓரம் என்றால், அவளுக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு மின்கம்பத்துக்குத்தான் இடம் இருந்தது. அந்தக் கம்பமும் வில்லாக வளைந்து வந்தது.

நேர்கோட்டண்ணன் விடுவாரா? கம்பியூட்டரில் ஏற்றி, அடிமட்டம் வைத்து வைத்துக் கம்பத்தை நிமிர்த்தினார். இருவரும் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மனைவியை ஒருவரும் பார்க்கவில்லை.

படம் நூலகத்துக் கண்காட்சிக்குத் தெரிவானது. என் பெயரோடு ஒரு சுவரில் தொங்கப்போகும் முதல் பொருள்! ஓடிவந்து மனைவிக்குக் காட்டினேன்.

"இஞ்ச பாருங்க, இது ஆரு?"

"நீதான்."

"நானா? நெல்லு மூட்டைக்குச் சீலை உடுத்தி விட்ட மாதிரிக் கிடக்கு! ஊரே பாக்க இதயா தொங்கப்போடப் போறீங்க? தொங்கினா நான் அந்தப் பக்கமே வரமாட்டன்."

மறுநாள் கண்காட்சி. அவள் வராவிட்டால் படம் தொங்கி என்ன, தொங்காவிட்டால் என்ன? நேர்கோட்டண்ணனைக் கம்பியூட்டரோடு ஓட்டோவில் ஏற்றி வந்தேன்.

பார்த்தவுடன் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. பலூனில் பேனையால் ஒரு முகம் கீறி, பக்கத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள், கன்னம் அகன்றுவிடும். கம்பத்தை நேராக்க ஓரத்தை இழுத்தபோது, என் மனைவியும் சேர்ந்து இழுபட்டிருக்கிறாள். இழுத்ததை விட்டார். மனைவி திரும்பி வந்தாள், கம்பம் வளைந்தது. மறுபடி இழுத்தார். கம்பம் நிமிர்ந்தது, மூட்டை வந்தது.

"என்ன வெட்டி எடுத்திடுங்க அண்ணே. நான் இல்லாமலே தொங்கட்டும்" என்றாள் மனைவி.

"உங்கட சிரிப்ப வெட்டினா மறுகா என்ன தங்கச்சி மிஞ்சும்? கரண்டுக் கம்பம்தான்."

அடிமட்டத்தைப் பையில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். பல் பிடுங்க உட்கார்ந்தவரைப்போல், "வளைஞ்சா வளைஞ்சிட்டுப் போகட்டும்" என்று சொல்லி, கம்பத்தை வளைவாகவே விட்டுப் படத்தைச் சேமித்தார். அதைத்தான் அன்றிரவே அச்சுக்குக் கொடுத்தோம்.

மறுநாள் மனைவி புதுச் சீலையோடு வந்தாள். எங்களுக்கு முன்பே நேர்கோட்டண்ணன் அங்கே நின்றார். படத்தின் ஓரத்தில், சுவரோடு தோளை ஒட்டிக்கொண்டு.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க, படம் முழுசாப் பாக்கணும்" என்றார் ஒருவர்.

"அந்தப் பிள்ளைட சிரிப்பப் பாருங்க தம்பி. இஞ்சால ஒண்டுமில்ல."

காலை முழுவதும் அப்படியே நின்றார். மனைவி ஒரு கதிரையை இழுத்துவந்து, "இருங்க அண்ணே, கால் நோகும்" என்றாள்.

அவர் இருக்கவில்லை. இருந்தால் கம்பம் தெரிந்துவிடுமே.