மடை அண்ணாச்சியின் ஆழாக்குக் கீரை

பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையில் எத்தனை டாக்டர்கள் இருந்தாலும், ஒரு மாத்திரை தொண்டைக்குள் இறங்கிய பிறகு அங்கே போய் என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் டாக்டர் இல்லை. எட்டாம் வகுப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேரன்மகாதேவியில் ஒரு கால்வாய் ஆபீஸில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் அங்கே லஸ்கர். கால்வாய்க் கரை மேல் சைக்கிளில் போய் மடைகளைத் திறந்து மூடுகிற வேலை. அதனால் ஊருக்கு அவர் மடை அண்ணாச்சி. சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியல் அடிக்கிற அன்றைக்குப் பார்ப்பேன், அடித்து முடித்ததும் மறந்துபோவேன்.

ஆபீஸில் யார் சட்டைப்பையில் மாத்திரை அட்டை தலைகாட்டினாலும் அண்ணாச்சி மோப்பம் பிடித்து வந்துவிடுவார். ஹெட் கிளார்க் அவருக்கு மூன்று படி மேல் அதிகாரி. தண்ணீர் விஷயம் என்றால் அவரை 'சார்' என்பார். மாத்திரை என்றால் 'வே'தான்.

"அண்ணாச்சி, ரெண்டு நாளா கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கு. வயசாயிட்டு போல" என்றார் ஹெட் கிளார்க் ஒருநாள்.

"வயசு என்ன செய்யும் பாவம்? நீரு போடுதது நீர் மாத்திரை வே. குளம் பெருகுனா மறுகாலைத் திறந்து மிச்சத் தண்ணிய வெளியேத்துதோம்லா, அதத்தான் அது சிறுநீரகத்துல செய்யுது. பிரஷர் குறையும், வாஸ்தவம். ஆனா தண்ணி சும்மா போகுமா? வண்டல அரிச்சிட்டுல்லா போகும்! உம்ம உடம்புல பொட்டாசியம்னு ஒரு சத்து, அதுவும் சேந்து போகுது. டாக்டர்ட்ட சொல்லி ரத்தத்தப் பாரும். பொறவு, அத காலையில போடணும். நீரு திருநெல்வேலி பஸ்ஸுல ஏறுதப்ப போட்டுட்டு, பத்தமடையில இறக்கி விடச் சொல்லிக் கண்டக்டர்ட்ட சண்டை போட்டா அவன் என்ன செய்வான்?"

பத்தமடை விஷயம் அதுவரை ரகசியமாக இருந்தது. ஹெட் கிளார்க் ரத்தத்தைப் பரிசோதித்தார். பொட்டாசியம் குறைந்துதான் இருந்தது. கால் சரியான பிறகும் பத்தமடையைச் சொன்னதற்காக அண்ணாச்சியை அவர் மன்னிக்கவில்லை.

ஜீப் டிரைவர் கதை இன்னும் மோசம். மனிதர் நான்கு மாதமாக வறட்டு இருமல் இருமிக்கொண்டிருந்தார். காசநோயோ என்று மூன்று முறை சளி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லியும், வீட்டில் அவருக்குத் தட்டும் தம்ளரும் தனியாகிவிட்டன. அண்ணாச்சி அவர் பையிலிருந்து அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார்.

"ஏலே, இந்தப் பிரஷர் மாத்திரைய எப்பம் தொடங்குன?"

"அது ஒரு நாலு மாசம் இருக்கும் அண்ணாச்சி."

"இருமல்?"

டிரைவர் விரல் விட்டு எண்ணினார். அதற்கும் நாலு மாதம்தான்.

"நல்ல மாத்திரைதாம்லே. ரத்தக்குழாய இறுக்குத சரக்கு உண்டாகாமத் தடுக்கும். ஆனா பத்துல ஒருத்தனுக்கு இப்பிடி வறட்டு இருமலக் கொண்டாந்து விட்டுரும். நீயா நிறுத்திராத, மண்டைக்கு ஏறிரும். டாக்டர்ட்டப் போயி வேற மாத்தித் தரச் சொல்லு." டாக்டர் மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் இருமலும் போயிற்று, தனித் தட்டும் போயிற்று. டிரைவர் சம்சாரம் ஒரு தூக்கு நிறைய முறுக்கு கொண்டுவந்தாள்.

அதன் பிறகு அண்ணாச்சியைப் பிடிக்க முடியவில்லை. அவருக்கே ரத்த அழுத்தம் உண்டு. அவர் சாப்பிட்ட மாத்திரை இருதயத்தின் துடிப்பை மட்டுப்படுத்துகிற ஜாதி. நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு "அம்பத்தாறு!" என்று பரீட்சை மார்க் மாதிரி அறிவிப்பார். சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கும் என்பதால் நாற்காலியை விட்டு மூன்று தவணையில்தான் எழுவார். முதலில் நுனிக்கு நகர்வார், அங்கே இருபது எண்ணுவார், பிறகு மேஜையைப் பிடித்துப் பைய நிமிர்வார். மாத்திரையே சாப்பிடாத எங்களையும் அப்படிப் பழக்கினார். ஒருமுறை மேலதிகாரி ஆய்வுக்கு வந்தபோது ஆபீஸே நாற்காலி நுனியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மெமோவை டைப் அடித்தவன் நான், என்னுடையது உட்பட.

இந்தப் பைத்தியமெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், மதினியிடமிருந்து வந்தது. அவர் சம்சாரத்தை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவர்களுடைய இருதயத்து வால்வு ஒன்றைத் தின்றுவிட்டிருந்தது. திருவனந்தபுரத்தில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்து அனுப்பியிருந்தார்கள். வீடு அமைதியாக இருந்தால் அந்த வால்வு தட்டுகிற சத்தம் வெளியே கேட்கும். முதல் நாள் நான் கைக்கடிகாரம் என்று நினைத்தேன்.

"இரும்பக் கண்டா ரத்தம் உறையப் பாக்கும் வே" என்று விளக்குவார் அண்ணாச்சி. "உறைஞ்சது பிச்சிக்கிட்டு மூளைக்குப் போனா பக்கவாதம். அதுக்குத்தான் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு இந்த மாத்திரை. ரத்தத்தத் தண்ணியாக்கும்னு சொல்லுவானுக, அது பொய்யி. உறையுதத பிந்த வைக்கும், அம்புட்டுதான். குறைஞ்சா உறைஞ்சு சாவு, கூடுனா ஒழுகிச் சாவு. ரெண்டுக்கும் நடுவுல ஒத்தையடிப் பாதையில அவளக் கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பாதையில் கீரை ஒரு முக்கியமான ஆள். கீரையில் இருக்கிற ஒரு சத்து ரத்தத்தை உறைய வைக்கும், மாத்திரை அதை எதிர்க்கும். "கீரைய விட வேண்டாம், ஆனா கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், எப்பவும் ஒரே அளவு" என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். அண்ணாச்சி அதை அரசாணையாக எடுத்துக்கொண்டார். தினமும் விடியற்காலையில் அரைக்கீரையை அவரே கடைந்து, பித்தளை ஆழாக்கில் தலை தட்டி அளந்து வைத்துவிட்டுத்தான் கால்வாய்க்குப் போவார். மழையோ வெயிலோ மாமியார் சாவோ, ஓர் ஆழாக்கு. மாதம் ஒருமுறை முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் ரத்தம் உறைகிற நேரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவார்.

மதினி அரிவாள்மனையைத் தொடக் கூடாது. தலைவலி மாத்திரை வீட்டுக்குள் வரக் கூடாது. ஒருமுறை காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போட வந்த கம்பவுண்டரை, "சதையில குத்துனா உள்ள ரத்தம் கட்டிரும்லே, எடுத்த ஊசியோட ஓடிரு" என்று தெருமுனை வரை விரட்டினார். காலையில் வெளிச்சத்தில் நிறுத்தி ஈறையும் கையையும் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஈறில் ரத்தம், தோலில் நீலம் என்றால் மாத்திரை கூடிவிட்டது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை நான் காலையிலேயே போயிருந்தால், மதினி வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணால் சிரிப்பார்கள்.

நான் கட்டைப் பிரம்மச்சாரி. மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டில். அண்ணாச்சி தூக்குச் சட்டியோடு கால்வாயில் கிடப்பார். மதினிதான் பரிமாறுவார்கள்.

அந்த ஐப்பசியில் மழை வலுத்தது. கரை அங்கங்கே உடைந்ததால் அண்ணாச்சி இருட்டோடு போய் இருட்டோடு வந்தார். கீரை அளந்து வைப்பதும் எட்டு மணி மாத்திரையும் நிற்கவில்லை. டார்ச் பரிசோதனை மட்டும் நின்றுபோயிற்று. கந்த சஷ்டி தொடங்கிய அன்று மத்தியானம் மதினி அந்த ஆழாக்கை என் இலையில் கவிழ்த்தார்கள்.

"இது உங்க கீரைல்லா மதினி?"

"நீங்க தின்னுருங்க தம்பி. ஆறு நாளைக்கு நான் விரதம். பாலும் பழமுந்தான்."

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாகளா? ஆப்பரேசனுக்கு முன்னால வருசந்தவறாம இருந்தேன். மூணு வருசமா விடல. போன மாசம் அவுக கிறுகிறுத்துக் கிணத்தடியில விழுந்தாகள்லா, அன்னைக்கே திருச்செந்தூரானுக்கு நேந்துக்கிட்டேன். எனக்காக அவுக எம்புட்டு அலையுதாக! நான் அவுகளுக்குன்னு ஒண்ணுஞ் செஞ்சதில்ல. கொல்லையில கொட்டுனா அவுக கண்டுபிடிச்சிருவாக. நீங்க தின்னுட்டா தெரியாது."

தின்றேன். முதல் நாள் சிரிப்பாக இருந்தது. அண்ணாச்சியின் அரசாணையை ஏமாற்றுவதில் எனக்குமே ஒரு சந்தோஷம் இருந்தது. ஐந்தாம் நாள் மதினி ரசம் ஊற்றும்போது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன்.

"கையில என்ன மதினி?"

"குடத்துல இடிச்சிட்டேன்."

"அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை..."

"நாளைக்கு ஒரு நாள்தான் தம்பி. சூரசம்காரம் முடிஞ்சிரும். நானே சொல்லுதேன்."

நீலம் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு வருஷமாகக் காது புளிக்கக் கேட்டவன் நான். அன்றைக்கும் கீரையைத் தின்றேன். மறுநாளும் தின்றேன்.

ஏழாம் நாள் மத்தியானம் நான் போனபோது மதினி அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். "தலை பிளக்கு தம்பி" என்றார்கள், வாந்தி எடுத்தார்கள், அதன் பிறகு பேச்சு குழறிப்போயிற்று. ஆபீஸுக்கு ஓடினேன். டிரைவர் ஜீப்பை எடுத்தார். கால்வாய் உடைப்பிலிருந்து முழங்கால் சேற்றோடு அண்ணாச்சியையும் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனோம். வழி முழுக்க அவர் மதினியின் தலையை மடியில் அசையாமல் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்தார். "தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. ரத்தம் உறையவே மாட்டேங்குது. மாத்திரை கூடப் போட்டுட்டாங்களா?"

அண்ணாச்சி நோட்டை நீட்டினார். "இல்ல சார். ஒரு நாள் தப்பல, ஒரு பொட்டு கூடல. தினமும் எங்கையால குடுக்கேன்."

"சாப்பாட்டுல மாத்தம் உண்டா?"

"இல்லவே இல்ல சார். ஓர் ஆழாக்குக் கீரை, தலை தட்டி. நானே அளந்து வைக்கேன்."

அவர் குரலில் அப்போதும் ஒரு பெருமை இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"சார், அவங்க ஆறு நாளா சாப்பிடல. விரதம். கீரைய நான்தான் தின்னேன்."

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு உள்ளே ஓடினார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"ஆறு நாளுமா வே?"

"ஆமா அண்ணாச்சி."

"ஆறு நாளுமா?"

ரத்தம் ஏற்றினார்கள், உறைய வைக்கிற ஊசியும் போட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் மதினி இறந்துபோனார்கள்.

பதினாறு கழிந்து அண்ணாச்சி வேலைக்கு வந்தார். என்னைத் திட்டவில்லை, என்னோடு பேசவும் இல்லை. மாத்திரை என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. ஹெட் கிளார்க் வேண்டுமென்றே ஓர் அட்டையை அவர் கண்ணெதிரில் போட்டு, "அண்ணாச்சி, புதுசா எழுதிக் குடுத்திருக்காரு. இது என்ன செய்யும்?" என்று கேட்டுப் பார்த்தார். "டாக்டர்ட்டக் கேளுங்க சார்" என்றார் அண்ணாச்சி. ஹெட் கிளார்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போய்விட்டார்.

நான் ஓட்டலில் சாப்பிட ஆரம்பித்தேன். எந்த ஓட்டலில் கீரை வைத்தாலும் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

மாசி மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அறைக் கதவு தட்டாமலே திறந்தது. கையில் தூக்குச் சட்டியோடு அண்ணாச்சி நின்றார். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலில் இருந்த அட்டையைத்தான் பார்த்தார்.

"ஆஸ்பிரினா? போட்டாச்சா?"

"இனிமேதான்."

"என்ன தின்னீரு?"

"ஒண்ணுமில்ல."

"வெறும் வயித்துலயா போடப் போறீரு? குடல் புண்ணாயிரும் வே. பொறவு, இது காய்ச்சலுக்கு மட்டும் கேக்குதது இல்ல. ரத்தத்துல ஒட்டுத அணுவ ஒட்ட விடாமச் செஞ்சிரும். லேசாக் கசிஞ்சாலும்..." அங்கே நின்றுபோனார். பிறகு, "கசிஞ்சா நிக்காது" என்று முடித்தார். அட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டு, வேறு மாத்திரை ஒன்றை எடுத்து வைத்தார். "சோத்தத் தின்னுட்டு இதப் போடும்."

"அண்ணாச்சி, நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணுந்தான்." ரசஞ்சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்தார். "ஆனா அவ எங்கிட்டக் கேக்கப் பயந்துல்லா உம்மகிட்ட வந்தா? நான் அப்பிடி வச்சிருந்திருக்கேன் அவள. அத நான் யார்ட்டப் போயிச் சொல்லுதது?"

இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்ததும், "தின்னும், ஆறுது" என்றார். பிரஷர்காரர் சமையல், உப்பு பேருக்குக்கூட இல்லை. ஒரு பருக்கை விடாமல் தின்றேன். மறுநாளிலிருந்து மத்தியானம் மறுபடியும் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவரும் அந்த நேரத்துக்குக் கால்வாயிலிருந்து சாப்பிட வந்துவிடுவார்.

அடுத்த வருஷம் எனக்குப் பதவி உயர்வோடு மதுரைக்கு மாற்றல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். உப்பில்லாத சோற்றுக்காகப் பதவி உயர்வை விடுகிற கிறுக்கனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் ஹெட் கிளார்க். அவர் சொன்னது சரிதான். அந்த மனிதரைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.