சேது மாமாவை நான் கொன்ற கதை

ஒரு சின்னப் பொய் போதும் என்று நினைத்து ஓர் ஆளையே கொன்றிருக்கிறேன். செத்தவர் என் தாய்மாமா சேது. செம்பூரில் இருக்கிறார், சௌக்கியமாக.

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, மேற்பயிற்சிக்காக அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். பரீட்சைகள் எழுதியாயிற்று, பேராசிரியர்கள் பின்னால் நாயாய் அலைந்து சிபாரிசுக் கடிதங்களும் வாங்கியாயிற்று. கடைசியில் ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள்: ஏன் டாக்டரானாய்? (இது ஒரு கேள்வியா? மார்க் வந்தது, ஆனேன்.) சீனியர்களின் கட்டுரைகளை வாங்கிப் படித்தேன். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் உருக்கமாகச் செத்திருந்தார். எங்கள் வீட்டிலோ எல்லோரும் பிடிவாதமாக உயிரோடு இருந்தார்கள். மூன்று வாரம் ஒரு வரி ஓடவில்லை. நான்காவது வாரம், எரிச்சலில், மாமாவைத் தேர்ந்தெடுத்தேன். மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் மாரடைப்பு. பத்து வயதுச் சிறுமியான என் மடியில் அவர் தலை. 'நீ டாக்டராகணும்' என்று கடைசி வார்த்தை. எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மாமா ஒரு தாளோடு வந்து நின்றார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் கடிதம் எழுதியவர். "அண்ணா இங்கிலீஷைப் பாத்துச் சொல்லட்டுமே" என்று அம்மா என் மேஜையிலிருந்த பிரதியைப் படித்துக்கூடப் பார்க்காமல் அவரிடம் கொடுத்திருக்கிறாள். தாள் முழுக்கச் சிவப்பு மசி.

"ஏண்டி, மாட்டுங்கா ஸ்டேஷன் படியில நான் எதுக்குச் சாகணும்? நான் ஹார்பர் லைன் ரயில்ல வர்றவன், அது மாட்டுங்காவுக்கே வராது. கிங்ஸ் சர்க்கிள்ல இறங்கி நடந்துதானே வருவேன்?"

"சாரி மாமா..."

"அதென்ன 'ஓர் எளிய குமாஸ்தா'? சூப்பரிண்டெண்டெண்டா ரிடயர் ஆனவன் நான். அரே, சாகறவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

அம்மா அப்போதுதான் தாளைப் பிடுங்கிப் படித்தாள். "அடிப்பாவி, என் அண்ணாவையா!"

"விடு, போனவன் போயாச்சு" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, "யாராவது கேட்டா உண்மையைச் சொல்லிடு, என்ன?" என்றார். தலையாட்டினேன்.

அந்த வாரமே ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு. மொத்தமே அந்த ஒன்றுதான் வந்தது. கம்ப்யூட்டரில், சாயங்காலம் ஆறரைக்கு. மேலே கோட்டு, கீழே பைஜாமாவோடு ஹாலில் உட்கார்ந்தேன். தைரியம் சொல்ல வந்த மாமாவை அம்மா சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

திரையில் ஒரு பெண் டாக்டர். "உங்கள் மாமாவின் மரணத்தைப் பற்றிப் படித்து வருந்தினேன்" என்றார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ இன்னும் நாலு பொய். அன்றைய மழை, வராத ஆம்புலன்ஸ், அவர் பையிலிருந்து படிப்படியாக உருண்ட நேந்திரங்காய்கள்... சமையலறையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு பெரிதாக ஒரு விசும்பல்.

"யார் அது?"

"என் மாமா."

"இன்னொரு மாமாவா?"

"இல்லை. அதே மாமாதான்."

வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைத்தபடி மாமா வெளியே வந்தார். காமிராவுக்குக் கும்பிடு போட்டு, மேற்படி நபர் தாமே என்று ஆபீஸ் இங்கிலீஷில் தெரிவித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் திரைக்கு அருகே குனிந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "நன்றாகத் தேறிவிட்டார் போலிருக்கிறது" என்றார்.

இடம் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் வீண். அந்தப் பழியை என்னால் வேறு யார் தலையிலும் போட முடியவில்லை என்பதுதான் பெரிய எரிச்சல். மறுவருஷம் உள்ளதை எழுதினேன்: மார்க்குக்காகச் சேர்ந்தேன், அவுட்பேஷண்டில் நோயாளிகளோடு பேசிப் பேசித்தான் இந்த வேலை பிடித்துப்போயிற்று என்று. யாரும் சாகவில்லை. (மாமா அதையும் திருத்தினார்.) இடம் கிடைத்தது.

போன வருஷம் என் கல்யாணப் பத்திரிகையின் அச்சுப் பிரதி வந்தபோது, அப்பா முகூர்த்த நேரத்தைச் சரிபார்த்தார், அம்மா மண்டபத்தின் பெயரைச் சரிபார்த்தாள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை மட்டும் தேடினார்.

"முன்னாடி 'லேட்' போடலியே? அப்ப சரி. அச்சடிக்கச் சொல்லு."