பாக்கியத்தின் தோடும் மெர்சிங் அலையும்

பஃபலோ ரோடு, சிங்கப்பூர்.
1962, மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

மகாகனம் பொருந்திய மைத்துனர் வேலாயுதம் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கை பாக்கியலட்சுமியைக் கைப்பிடித்த தங்கராஜு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம். கும்பகோணத்தில் வீட்டிலுள்ளவர்களும், கறவை மாடும், தங்கள் மூட்டுவலியும் எப்படி இருக்கின்றன என்று தெரியப்படுத்தவும். மூட்டுவலி இந்நேரம் பறந்து போயிருக்க வேண்டும். போகாவிட்டால் அது பெரிய அநியாயம்; ஏனென்றால் தங்கள் நலத்துக்காக உங்கள் தங்கை இந்த வருஷம் செய்த பிரார்த்தனை சாதாரணப் பிரார்த்தனை அல்ல. அதில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துவிடவும். கிழித்ததை மறக்காமல் அடுப்பில் போடவும்.

சித்திரையில் கப்பலேறி வருவதாக எழுதியிருந்தீர்கள். மெத்தச் சந்தோஷம். ஆனால் வைர வியாபாரம் செய்கிற மனுஷர் நீங்கள். கப்பலிலிருந்து இறங்கியதும் தங்கையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் காதைத்தான் பார்ப்பீர்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, "ம்" என்பீர்கள். அந்த "ம்" மட்டும் வேண்டாம் மச்சான், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். பாக்கியம் இப்போது காதில் போட்டிருப்பது நீங்கள் கனுச் சீராகச் செய்து அனுப்பிய வைரத்தோடு அல்ல. கண்ணாடிக் கல். அது அவளுக்குத் தெரியாது.

பதறாமல் மேலே படியுங்கள். பொங்கலுக்கு மறுநாள், கனு அன்று கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று மஞ்சள் இலையில் மஞ்சள் சோறும் சிவப்புச் சோறும் பிடி பிடியாகக் காக்கைக்கு வைக்கிற வழக்கத்தை, உங்கள் தங்கை கப்பலில் கூடவே ஏற்றிக்கொண்டு வந்தவள். காவேரியை மட்டும் ஏற்ற முடியவில்லை. அது என் கையாலாகாத்தனம் என்று இன்றுவரை நினைக்கிறாள். ஒரு வருஷம் கல்லாங் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். "இந்த நாத்தத்துல வெச்சா எங்க அண்ணாவுக்கு ஜுரம்தான் வரும்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். காத்தோங் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கடல் அசையாமல் கிடந்தது. "இது என்னங்க, குளிச்சுட்டு மிச்சம் வெச்ச அண்டாத் தண்ணி மாதிரி! ஓடுற தண்ணி வேணும், இல்ல அடிக்கிற தண்ணியாவது வேணும்" என்றாள். இந்தச் சமயம் பார்த்துத்தான் தேக்கா மார்க்கெட்டில் கருவாடு போடுகிற சாகுல் ஹமீது குறுக்கே வந்து சேர்ந்தார். பூர்வீகம் தோப்புத்துறை. இப்போது மலாயாவில் மெர்சிங்குக்கு வடக்கே ஒரு பாறைக் கடற்கரையில் குடியிருந்து, வாரம் ஒரு தடவை லாரியில் சரக்கோடு இங்கே வருகிறவர். நல்ல மனுஷர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"அக்கா, தை மாசத்துல எங்க பக்கம் வந்து பாருங்க. அலை பாறையில மோதுனா எங்க வீட்டுக் கூரை நனையும் லா. காவேரியெல்லாம் கிட்ட நிக்க முடியாது" என்றார். (எதற்கும் ஒரு "லா" போடுவது இந்த ஊர்ப் பேச்சு.)

காவேரியைச் சொன்னதற்குச் சண்டைக்குப் போவாள் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளே துணி மூட்டை கட்டிவிட்டாள்.

பொங்கல் பானையைக் கழுவி வைத்த கையோடு கருவாட்டு லாரியில் ஏறினோம். அவள் முன்னால் டிரைவர் பக்கத்தில் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டாள்; நான் பின்னால் காலிக் கூடைகளோடு. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் அதிகாரி எட்டிப்பார்த்து, மூக்கைச் சுளித்து, என்னையும் சரக்கில் சேர்த்து அனுப்பிவிட்டார். சாகுல் ஹமீதின் வீட்டம்மா ஆமினா பீவி தங்கமான பெண்பிள்ளை. எங்களுக்குத் தனி அறை ஒழித்துக்கொடுத்து, பாக்கியத்தின் தோட்டைத் தொட்டுப் பார்த்து, "கண்ணு கூசுதுக்கா, யாரு செஞ்சு போட்டது?" என்று கேட்க, உங்கள் தங்கை உங்கள் புராணத்தைத் தொடங்கினாள். அது முடிவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

காலையில் கடலைப் பார்த்தேன் மச்சான். சாகுல் ஹமீது குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். மணல் என்ற பேச்சே இல்லை. கறுத்த பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றின் மேலெல்லாம் சிப்பி ஒட்டி அரிவாள்மணையாகக் கூர் தீட்டியிருக்கிறது. அலை தூரத்திலேயே எழுந்து, வளைந்து வந்து, பாறையில் மோதி, நம் தலைக்கு மேலே போய் மழையாகக் கொட்டுகிறது. உங்கள் தங்கை கையெடுத்துக் கும்பிட்டு, "இதுதாங்க தண்ணி" என்றாள். ஒரு தட்டைப் பாறையில் இலை விரித்து, சோற்றுப் பிடிகளை வரிசையாக வைத்து, உங்கள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். காக்கை இல்லை. ஒரு குருவிகூட இல்லை. நானும் என்னால் ஆன மட்டும் "கா கா" என்று கத்திப் பார்த்தேன். தூரத்தில் ஒரு நாய்தான் திரும்பிப் பார்த்தது.

"சரி, காக்கா இல்லேன்னா மீனு தின்னட்டும். நான் முழுக்குப் போட்டுட்டு வரேன். இந்தப் பொட்டலத்தைக் கடல்ல விட்ருங்க. இதைப் பத்திரமா வெச்சுக்குங்க" என்று என் இரண்டு கையிலும் இரண்டு பொட்டலத்தைத் திணித்தாள். இரண்டும் மஞ்சள் இலை. இரண்டும் வாழைநார்க் கட்டு. ஒன்றில் மிச்சமிருந்த கனுச் சோறு. மற்றதில் தோடு; வலது தோட்டில் திருகாணி தளர்ந்திருந்ததால், அலையில் போய்விடுமே என்று இரண்டையுமே கழற்றி, கைக்குட்டை நனைந்துபோனதால் இலையில் மடித்துவிட்டாள். துறைமுகக் கிடங்கில் தலை நரைக்கும் வரை சாமான் பார்த்தவன் நான். ஒரு பெட்டி மாறி இறங்கியதில்லை. அந்தத் தைரியத்தில், அலை வருகிற நேரம் பார்த்து, முருகா என்று ஓங்கி வீசினேன். பொட்டலம் நுரையில் ஒரு தடவை மிதந்து பாறை இடுக்கில் போனது. கையில் மிஞ்சியது மெத்தென்று இருந்தது. பிரித்தேன். சிவப்புச் சோறு.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் சுலபமாகச் சொல்வீர்கள். அண்ணனுக்காக வேண்டிக்கொள்கிற நாளில், அண்ணன் போட்ட தோடு கடலோடு போயிற்று என்று தெரிந்தால், அவள் தோட்டுக்காகவா அழுவாள்? "எங்க அண்ணாவுக்கு என்ன ஆகப்போகுதோ" என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். உங்களுக்குத் தந்தி அடிக்கச் சொல்வாள். பதில் வரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. வந்த பிறகும் உங்களுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அது நான் வீசிய பொட்டலத்தால்தான் என்றாகும். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது மச்சான். அதனால் சட்டென்று ஒரு காரியம் செய்தேன். என் பல் செட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஐயோ, பல்லு போச்சே" என்று கத்தினேன். பல் இல்லாத வாயில் அது யாருக்கும் புரியவில்லை. அதனாலேயே எல்லோரும் நம்பினார்கள்.

பிறகு பாருங்கள் கூத்தை. சாகுல் ஹமீது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மழைக்காலம் என்று படகைக் கரையேற்றிவிட்டு வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த மலாய்க்கார மீனவர் பாக் லெமான் வீச்சு வலையோடு வந்தார். எல்லோரும் பல்லைத் தேடுகிறார்கள். நான் ஒருவன் மட்டும் தோட்டைத் தேடுகிறேன். பாறை இடுக்கில் கையை விட்டால் நண்டு, காலை வைத்தால் சிப்பி. ஒரு அலை என்னைத் தூக்கி உள்ளே போட்டது. தலைக்கு மேல் தண்ணீர். எழுந்து பார்க்கிறேன், முட்டியில் ரத்தம், மூக்குக் கண்ணாடி ஒரு காதில் தொங்குகிறது. பாக்கியம் மேலே நின்று, "பல்லு போனா போகுது, வேற கட்டிக்கலாம், ஏறி வாங்க! உங்க காலைப் பிடிக்கிறேன், ஏறி வாங்க!" என்று அலறுகிறாள். எப்படி ஏறி வருவது? சாகுல் ஹமீது ஒரு பழைய சீப்பையும் ஒற்றைச் சப்பாத்தையும் எடுத்துக்கொடுத்தார். கடைசியில் நிஜமாகவே ஒரு பல்லைக் கண்டெடுத்து, "அண்ணே, இது உங்களுதா?" என்றார். சுறாவின் பல். அதையும் மரியாதைக்காக வாங்கி வைத்துக்கொண்டேன்.

தண்ணீர் ஏறிவிட்டதும் எல்லோரும் கரையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தோம். அப்போது பாக் லெமான் மலாயில் ஒன்று சொன்னார். எனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதுகிறேன். "என் வலையில் இலைப் பொட்டலம் ஒன்று வந்தது. குங்குமம் பட்டிருந்தது. உங்கள் சாமிக்குக் கொடுத்த பொருள் ஆயிற்றே, நாம் எடுக்கலாமா? மரியாதையாகத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட்டேன்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பக்தி என்று நினைத்துக்கொண்டார். தோட்டைத் தேடுகிறேன் என்று சொல்லியிருந்தால் கையில் கிடைத்திருக்கும். என் பொய்யே என் தலையில் மண்ணைப் போட்டது.

அப்புறம் பாறைக்குப் பின்னால் போய், பல்லை மாட்டிக்கொண்டு, கிடைத்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே வந்தேன். சாகுல் ஹமீது கை தட்டினார். அவ்வளவு சந்தோஷமான கூட்டத்தில் அவ்வளவு துக்கத்தோடு நான் நின்றதில்லை. லாரியில் ஏறும்போது பாக்கியம், "தோடு?" என்றாள். "திருகாணி தளர்ந்திருக்குல்ல? என்கிட்டயே இருக்கட்டும். பத்தர்கிட்டக் கொடுத்துச் சரிபண்ணித் தரேன்" என்றேன். சிராங்கூன் ரோடு பத்தர், நான் வரைந்து காட்டியதைப் பார்த்து, அதே அச்சில் கண்ணாடிக் கல் வைத்துச் செய்து கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "பத்தர் நல்லா மெருகு போட்டிருக்காரு" என்றாள். எனக்கு உயிர் வந்தது, உடனே திரும்பியும் போனது. அன்றிலிருந்து தினம் காலையில் கல் மங்கியிருக்கிறதா, காது கறுத்திருக்கிறதா என்று அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். காப்பி ஆறிப்போகிறது.

ஆகவே மச்சான், தாங்கள் வந்து இறங்கியதும் தலையைச் சாய்க்காமல், கண்ணைச் சுருக்காமல், "தோடு புதுசு மாதிரியே இருக்கு பாக்கியம்" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நீங்கள் சொன்னால் அவளுக்கு வேதம். எனக்கு அது போதும். அவள் வேண்டுதல் பலித்துத் தாங்கள் நூறு வயது வாழவேண்டும்; மூட்டுக்கு நல்லெண்ணெய் தடவவும். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு முத்தம், கறவைக்கு ஒரு பிடி புல்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
தங்கராஜு

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைப் பற்றிப் பாக்கியத்துக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் பசை இல்லாததால், சோற்றுப் பருக்கை வைத்துக் கவரை ஒட்டும்படி மட்டும் அவளிடம் கொடுக்கிறேன். உள்ளே படிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

மறு பின்குறிப்பு: அண்ணாவுக்குப் பாக்கியம் நமஸ்காரம். படிக்காதே என்று அவர் சொன்னதால் படித்தேன். இல்லாவிட்டால் எனக்குத் தோன்றியே இருக்காது. கவலைப்படாதீர்கள், தோடு என்னிடம்தான் இருக்கிறது, புளிப் பானைக்குள். நாங்கள் சிங்கப்பூர் திரும்பிய இரண்டாம் நாள் ஆமினா பீவி பாறை இடுக்கில் இலையைப் பார்த்து, மீன் குழம்புக்கு மஞ்சள் இலை ஆகுமே என்று எடுத்தாளாம். பிரித்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. அடுத்த லாரியில் கருவாட்டுக்கு நடுவில் வைத்து என் கையில் சேர்த்துவிட்டாள். அதுவரைக்கும் நான் பயந்தேன் அண்ணா, பொய் சொல்லமாட்டேன். இவர் பல்லுக்காகத் தண்ணீரில் இறங்கவில்லை என்று எனக்கு அங்கேயே தெரியும். அந்த அலை தூக்கிப் போட்டபோது அவர் சட்டைப் பையில் பல் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அப்போது உங்களுக்காக வேண்டிக்கொண்டதை நிறுத்திவிட்டு அவருக்காக வேண்டிக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள், பாதி வேண்டுதல்தான் உங்களுக்கு வந்திருக்கும்.

கண்ணாடித் தோட்டை அவர் எடுத்துக் காட்டியபோது, உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்தேன், சொல்ல வரவில்லை. இப்போது தினம் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார் அண்ணா. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் இப்படிப் பார்த்ததில்லை. பேப்பரைத்தான் பார்ப்பார். அசல் தோட்டைப் போட்டுக்கொண்டால் திரும்பவும் பேப்பருக்குப் போய்விடுவார். அதனால் அவர் கேட்டுக்கொண்டபடியே, தோடு புதுசு மாதிரி இருக்கு என்று சொல்லுங்கள்; கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள், அவர் மனசு நிம்மதியாகட்டும். ஆனால் ரொம்பவும் நிம்மதியாகிவிடாமல், ஒரே ஒரு தடவை தலையைச் சாய்த்து "ம்" என்றும் சொல்லிவிடுங்கள்.

வரும்போது வலது தோட்டுக்கு ஒரு திருகாணி செய்து கொண்டுவாருங்கள். கடல் நிஜமாக எடுத்துக்கொண்டது அதை மட்டும்தான்.